எல்லாப் பெட்டியும் நாலரை மணிக்கு

தீபாவளிக்கு ஏழெட்டு வாரம் இருக்கும்போது சிவகாசிக்குப் போகாதீர்கள். போயே ஆகவேண்டும் என்பவர்களுக்கு பஸ், ஆட்டோ, தங்குமிடம் பற்றி இந்தக் கட்டுரையின் கடைசியில் எழுதியிருக்கிறேன். நேராக அங்கே போய்விடலாம். நடுவில் இருப்பது பெரும்பாலும் என் புலம்பல். நான் போனது 2007 செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. நான் எழுதிக்கொடுத்த கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று செய்தி வந்ததால் போனேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். அது என்ன பாடம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: பத்து லாரி, நாற்பது இடம், எதை முதலில் அனுப்பினால் தூரமும் நேரமும் குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. "அதுக்கு ஒரு படிப்பா?" என்று பதிலுக்குக் கேட்பார்கள். எனக்கும் அவ்வப்போது அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

என் மகளின் மாமனார் சிவகாசியில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். பட்டாசுக் கம்பெனிகளின் பெட்டிகளை ஏற்றி வடக்கே அனுப்புவது தொழில். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு விசேஷத்தில் அவர் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, பேச வேறு எதுவும் தோன்றாமல், லாரிக்கு வழி சொல்லும் புரோகிராம் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதியும் கொடுத்தேன். ஒவ்வொரு கம்பெனியும் சரக்கு எத்தனை மணிக்குத் தயாராகும் என்று முதல்நாள் போனில் சொல்லும். அதைக் கம்ப்யூட்டரில் போட்டால், லாரி எந்த வரிசையில் போனால் தூரம் குறைவு என்று தாள் அச்சாகி வரும். டிரைவர் அதை வாங்கிக்கொண்டு கிளம்புவார். முதல் வருடம் நன்றாக ஓடியது. சம்பந்தி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

இந்த வருடம் அவரிடமிருந்து போன். "சம்பந்தி, சௌக்கியமா இருக்கீகளா? உங்க கம்ப்யூட்டருக்கு மண்டை குழம்பிப் போச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

பெங்களூரிலிருந்து மகளும் பேசினாள். "அப்பா, அங்க போய் எதுக்கும் சரின்னு சொல்லிடாதீங்க. முடியாதுன்னும் சொல்லிடாதீங்க." இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன சொல்வது என்று அவள் சொல்லவில்லை.

திருச்சியிலிருந்து விருதுநகர் வரை பாசஞ்சர் ரயில், டிக்கெட் முப்பத்து மூன்று ரூபாய், ஒன்றேகால் மணி நேரம் தாமதம். விருதுநகரில் இறங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், "சிவகாசி போகுமா?" என்று ஒரு கண்டக்டரிடம் கேட்டேன். "போகும், போகும், ஏறுங்க" என்றார். ஏறினேன். சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் கட்டடம் ஜன்னலில் தெரிந்தபோதுதான் உறைத்தது. பஸ் சாத்தூர் போய், அங்கே இருபது நிமிடம் நின்று, பிறகு சிவகாசி போவது. நேர்வழியில் இருபத்தாறு கிலோமீட்டர். நான் போனது ஐம்பதை நெருங்கும்.

"நேரா போகாதுன்னு சொல்லியிருக்கலாமே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நீங்க போகுமான்னுதானே கேட்டீக? நேரா போகுமான்னு கேக்கலையே" என்றார் கண்டக்டர். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்கும் வழியை முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிக்காட்டிய நான், டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சிவகாசிக்குள் நுழையும்போது ரயில்வே கேட் வேறு மூடியிருந்தது.

லாட்ஜில் தங்கும் எண்ணத்தில்தான் போனேன். மூன்று லாட்ஜில் விசாரித்தேன். மூன்றிலும் வடநாட்டு வியாபாரிகள் நிரம்பியிருந்தார்கள். நான் லாட்ஜ் தேடிய செய்தி எனக்கு முன்பே சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தது.

"நம்ம வீடு என்ன இடிஞ்சா கிடக்கு? லாட்ஜுல போய்க் கேட்டீகளாமே!" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். பிறகு இலை போட்டார்கள். நான் போதும் என்று கையை நீட்டியதைப் போடச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை சோறு விழுந்த பிறகு சம்பந்தி விஷயத்துக்கு வந்தார்.

"கோவிச்சுக்கிடாதீக. மூணு வாரமா வண்டி இங்கனயே ஒரு ராத்திரி நின்னுதான் போகுது. நாக்பூர் வியாபாரி போன்ல வையுறாரு. சனிக்கிழமை லோடும் நின்னுச்சுன்னு வைங்க, கம்ப்யூட்டரத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். அந்தப் பிள்ளையையும் நிப்பாட்டிருவேன். பழையபடி நானே வாயால சொல்லி அனுப்பிக்கிடுறேன்."

அந்தப் பிள்ளை என்று அவர் சொன்னது ஜெபராணியை. ஆபீசில் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் பெண், வயது இருபத்தைந்து இருக்கலாம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நான் ஆபீசுக்குள் நுழைந்ததும் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். அடுத்த வார்த்தையே இதுதான்:

"என்னைய நிப்பாட்டப் போறாகளாமே சார்?"

நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"எங்க சித்தப்பா தீப்பெட்டி ஆபீசுல லேபிள் எண்ணுற வேலை காலியாத்தான் இருக்கு. அங்கன போனா தினமும் வாசல்ல நின்னு கும்பிடுவாரு. கம்ப்யூட்டர் படிச்ச மகராணி வந்துட்டாகன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு முதலில் என் மேல்தான் சந்தேகம். புரோகிராமில் எங்கோ ஒரு தப்பு விட்டிருப்பேன், அதனால் ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். வரி வரியாகப் பார்த்தேன். முதல் வருடத்துத் தகவலைப் போட்டு ஓட்டினேன். விடை சரியாக வந்தது. இந்த வருடத்துத் தகவலைப் போட்டேன். கணக்கு சரி, விடை பைத்தியக்காரத்தனம். மாலை நாலரை வரை லாரியைக் கொட்டகையிலேயே நிறுத்திவைக்கச் சொல்கிறது. இருட்டிய பிறகு பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியைத் திறக்க மாட்டார்கள். ஆகவே நாலரைக்குக் கிளம்பும் வண்டி ஒரு கம்பெனியில் சரக்கு ஏற்றுவதற்குள் பொழுது போய்விடும். மிச்சம் இரண்டு கம்பெனிக்கு மறுநாள்தான்.

ஏன் நாலரை? நாக்பூர் வண்டிக்குச் சரக்குக் கொடுப்பவை மூன்று கம்பெனிகள். எம். புதுப்பட்டியில் ஒன்று, சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் ஒன்று, சிவகாசி எல்லையிலேயே ஒன்று. மூன்றும் சரக்குத் தயாராகும் நேரம் நாலரை என்றே சொல்லியிருந்தன. போன வாரமும் நாலரை. அதற்கு முந்தின வாரமும் அதே.

"மூணு பேரும் ஒரே நேரம் சொல்றாங்களேம்மா, உனக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு சார். நானா மாத்திப் போட்டா அண்ணாச்சி வைவாக. சொன்னதப் போட்டா நீங்க வையுறீக."

"நான் எங்கம்மா திட்டினேன்?"

"வாய் வையல சார். மூஞ்சி வையுது."

நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஆட்டோக்காரர் பெயர் முனியசாமி. இரண்டு ஊருக்கும் போய்த் திரும்ப நானூறு ரூபாய் கேட்டார். நான் முந்நூற்றைம்பது என்று சொல்ல வாயெடுப்பதற்குள், "உங்களப் பாத்தா பாவமா இருக்கு, முந்நூத்தம்பது குடுங்க" என்றார். அதை நினைத்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

எம். புதுப்பட்டிக் கம்பெனி சம்பந்தியின் மைத்துனர் கனகராஜுடையது. வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெடிமருந்து இருக்கும் இடத்தில் அது நியாயம்தான். ஆனால் பன்னிரண்டு மணி வெயிலில் அந்தச் செம்மண்ணில் கிட்டங்கி வரைக்கும் நான் நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. கனகராஜ் அலட்டிக்கொள்ளாமல் பக்கத்தில் வந்தார். கிட்டங்கிக்குள் நாக்பூர் முகவரி ஒட்டிய பெட்டிகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நாடா போட்டு, கட்டி, எல்லாம் முடிந்து.

"இது நாளைக்குப் போற லோடா?" என்று கேட்டேன்.

"ஆமா சம்பந்தி. நேத்தே கட்டியாச்சு."

"அப்ப நாலரைக்குத்தான் ரெடியாகும்னு சொன்னது?"

கனகராஜ் என்னைப் பார்த்தார். "கலர் குடிக்கிறீகளா?" என்றார். ஒரு பாட்டில் ஆரஞ்சு கலர் வந்தது. இனிப்பு எனக்கு ஆகாது. குடித்தேன். 

அச்சங்குளத்தில் பொறுப்பில் இருந்தவர் பால்பாண்டி என்ற மேனேஜர். அங்கே கிட்டங்கி வரை நடக்கவேண்டிய அவசியமே இல்லாமல், வாசல் ஆபீஸ் அறைக்கு வெளியே மர நிழலிலேயே ஆட்கள் நாக்பூர் பெட்டிகளுக்குக் கடைசி முகவரிச் சீட்டை ஒட்டி முடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்த நேரம் பார்த்து மேஜையில் இருந்த போன் அடித்தது. ஜெபராணியின் குரல் எனக்கே கேட்டது. சனிக்கிழமைச் சரக்கு எத்தனை மணிக்குத் தயாராகும் என்று கேட்டாள்.

பால்பாண்டி ஜன்னல் வழியாகப் பெட்டிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாலரை ஆயிரும்மா. ஆளே இல்ல, பாதிப் பேரு காதுகுத்துக்குப் போயிட்டாக" என்று சொல்லி போனை வைத்தார்.

"என்னங்க இது?" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். வெளியே சீட்டு ஒட்டிய பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சார், கோவப்படாதீக. உங்க மிஷினுதான சொல்லிக் குடுத்துச்சு."

"நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"போன வருசம் நாங்க நெசத்தச் சொன்னோம். காலையில ஒம்பதுன்னு. உங்க மிஷினு என்ன பண்ணுச்சு? வண்டிய மொத எங்ககிட்ட அனுப்புச்சு. மொத ஏறுன பெட்டி அடியில போச்சு. மேல ரெண்டு கம்பெனி பெட்டி. நாக்பூர்ல இறங்கும்போது எங்க பெட்டி தோசைக்கல்லு மாதிரி சப்பளிஞ்சு கிடந்துச்சாம். புதுப்பட்டிக்காரக நாலுன்னு சொன்னாக, அவுககிட்ட வண்டி கடைசியாப் போச்சு. கடைசி ஏறுனது மொத இறங்கும். வியாபாரி கடை வாசல்ல அவுக பெட்டி நிக்குது. எங்களுது உள்ள மூலையில. அப்ப நாங்க என்ன சொல்லணும்?"

"நாலரை" என்று வெளியிலிருந்து ஒரு பெண் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். முனியசாமியும்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. முதலில் அவர்கள் மேல், பிறகு என் மேல். யார் பிந்திய நேரம் சொல்கிறார்களோ அவர்களுக்குக் கடைசி இடம், அதாவது நல்ல இடம் என்று பரிசு கொடுக்கும் ஒரு ஏற்பாட்டை நான் செய்து வைத்திருக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள ஊருக்கு ஒரு தீபாவளி போதுமானதாக இருந்திருக்கிறது. புரோகிராமுக்குப் போடும் தகவல் நிஜம் என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் எல்லாக் கணக்கையும் ஆரம்பிப்போம். தகவல் சொல்பவருக்கும் ஒரு கணக்கு இருக்கும் என்பதைக் கல்லூரியில் நான் ஒரு வகுப்பு முழுக்க நடத்தியும் இருக்கிறேன். உதாரணத்துக்கு வெளிநாட்டு விமானக் கம்பெனி எதையோ எடுத்துக்கொண்டேன் என்று நினைவு. மூன்றாவது கம்பெனிக்கு நான் போகவில்லை. போனில் கேட்டேன். "நாலரை" என்றார்கள். கேட்டது யார் என்று தெரிந்ததும், "நீங்க வந்தா நாலுக்கே தரோம் சார்" என்று சேர்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் சம்பந்தியிடம் சொன்னேன். நேரத்தை வைத்து வரிசை போடுவதை நிறுத்திவிடலாம். இந்த வாரம் சீட்டுக் குலுக்கிப் போட்டு வரிசை எடுப்போம். அடுத்த வாரத்திலிருந்து முறை மாறும்: இந்த வாரம் முதலில் ஏற்றியவர் அடுத்த வாரம் கடைசி. பொய் சொல்லி யாருக்கும் லாபமில்லை என்று ஆகிவிட்டால் நிஜத்தைச் சொல்லிவிடுவார்கள்.

"தூரம்?" என்று சம்பந்தி கேட்டார்.

"கூடும்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தப் புரோகிராமின் முழு அர்த்தமே தூரத்தைக் குறைப்பதுதான்.

மூன்று கம்பெனிகளும் உடனே சம்மதித்தன. தனக்குத்தான் கடைசிச் சீட்டு விழும் என்று ஒவ்வொருவரும் நம்பியிருப்பார்கள். லோடுமேன் ஒருவரைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னோம். முதலில் எம். புதுப்பட்டி, அடுத்து அச்சங்குளம், கடைசியில் சிவகாசி. நான் கணக்குப் பார்த்தேன். இருபது கிலோமீட்டருக்கு மேல் வீண். ஜெபராணி அந்த வரிசையை ஏற்றுவதற்குப் புரோகிராமில் ஓர் இடம் ஏற்படுத்திக் கொடுத்தேன். எந்தக் கம்பெனியை மேலே கீழே நகர்த்துவதானாலும் ஒரு விசையை அழுத்தினால் போதும். பிறகு அவள் மூவருக்கும் போன் செய்து நேரம் கேட்டாள். பால்பாண்டி சொன்னது: "காலையில வாங்க, மத்தியானம் வாங்க, எப்பவும் ரெடி." காதுகுத்துக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டரை. லாரி கொட்டகையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் தாளுக்காகக் காத்திருந்தார். ஜெபராணி அச்சடிக்க இருந்த நேரத்தில் சம்பந்தி உள்ளே வந்தார். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு நாளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, ஒரு சின்ன விஷயம். நம்ம கனகு பேசுனான். அவன் பெட்டி அடியில போனா நல்லாவா இருக்கும்? நம்ம வண்டி, நம்ம மச்சான். வீட்டுல உங்க சம்பந்தியம்மா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கா. இந்த ஒரு வாரம் மட்டும் அவனக் கடைசிக்குத் தள்ளிருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்குத் தெரியும்? லாரி அச்சங்குளத்துக்கு முதலில் போய் நின்ற அந்த நிமிடமே பால்பாண்டிக்குத் தெரியும். உடனே ஆட்கள் மறுபடி காதுகுத்துக்குப் போய்விடுவார்கள். மாலை நாலரை ஆகும், இருட்டும், வண்டி நிற்கும், ஜெபராணி சித்தப்பா ஆபீசுக்கு லேபிள் எண்ணப் போவாள். இவ்வளவும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவர் என் மகளின் மாமனார். அவர் வீட்டுச் சாப்பாடு இன்னும் என் வயிற்றில் இருந்தது. சரி என்று சொல்லாதே, முடியாது என்றும் சொல்லாதே என்று மகள் வேறு சொல்லி அனுப்பியிருந்தாள்.

"கம்ப்யூட்டர் ஒத்துக்காது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது.

"ஒத்துக்காதா?"

"ஒருதடவை சீட்டு ஏத்தியாச்சுன்னா அது மாத்த விடாது. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

சம்பந்தி ஜெபராணியைப் பார்த்தார். "ஏன் பிள்ள, மாத்த முடியாதா?"

அவளுக்குத் தெரியும். முதல்நாள் மாலை நான்தான் அந்த விசையை அவளுக்குக் காட்டியிருந்தேன். அவள் திரையைக் கூர்ந்து பார்த்தாள். விசைப்பலகையில் இரண்டு மூன்று தடவை எதையோ தட்டினாள். முகத்தைச் சுளித்தாள்.

"எடுக்க மாட்டேங்குது அண்ணாச்சி."

சம்பந்தி கம்ப்யூட்டரை முறைத்தார். "சனியன்" என்று சொல்லி எழுந்து, கனகராஜுக்குப் போன் போடப் போனார். டிரைவர் தாளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அன்று மாலை வெயில் இருக்கும்போதே மூன்று கம்பெனிச் சரக்கும் ஏறி, தார்ப்பாய் கட்டி, வண்டி விருதுநகர் ரோட்டில் ஏறியது. போகும்போது ரயில்வே கேட் மூடியிருந்ததாம். அதற்கு நான் பொறுப்பில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு நேர் பஸ் ஒன்பது ரூபாய், ஏறுமுன் "நேரா போகுமா?" என்று கேளுங்கள், "போகுமா?" என்று கேட்காதீர்கள். சீசனில் லாட்ஜ் கிடைக்காது. விருதுநகரில் தங்கிக்கொண்டு போய்வருவது நல்லது. கம்பெனிகளுக்குள் முன்கூட்டிச் சொல்லாமல் விடமாட்டார்கள். விட்டால் செல்போனை ஆட்டோவிலேயே வைத்துவிட்டுப் போங்கள், காலையில் ஒன்பது மணிக்குள் போங்கள். பிறகு தரை சுடும். கலர் வேண்டாம் என்றால் முதலிலேயே வேண்டாம் என்று சொல்லுங்கள். என் மொத்தச் செலவு அறுநூற்று எண்பது ரூபாய், சாத்தூர் சேவு உட்பட.

புரோகிராமைப் பற்றி என் எண்ணம் மாறிவிட்டது. குறைந்த தூரத்தை அது இப்போது கண்டுபிடிப்பதில்லை. ஒரு கம்பெனிப் பெட்டி எப்போதும் அடியிலேயே போவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். இதை ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று சொல்லலாமா என்று எனக்கு நிச்சயமில்லை. மாணவர் யாராவது இப்படி ஒரு விடை எழுதியிருந்தால் பாதி மதிப்பெண் போட்டிருப்பேன்.

போன வாரம் ஜெபராணி போன் செய்தாள். இப்போது எல்லா ஊர் வண்டிக்கும் சீட்டு முறைதான், ஒரு வண்டியும் நிற்கவில்லை, தன் வேலையும் நிற்கவில்லை, சித்தப்பாதான் பாவம், கும்பிட ஆள் இல்லாமல் இருக்கிறார் என்றாள். நான் வேறு ஒன்று கேட்க நினைத்தேன். அந்த விசை விஷயம் சம்பந்திக்கு எப்போதாவது தெரிந்துவிடுமோ என்று. அதற்குள் பின்னால் அவர் குரலே கேட்டது. யாரோ ஒரு கம்பெனிக்காரர் நேரில் வந்து, தன் பெட்டியைக் கடைசியில் ஏற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும்.

"ஏலே, கம்ப்யூட்டரு என் சொந்த மச்சானுக்கே ஒத்துக்கல! உனக்கு ஒத்துக்கிடுமாக்கும்?"

ஜெபராணி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "நாலாவது ஆளு சார் இன்னைக்கு" என்றாள்.